240 ஹெர்ட்ஸ் டச்சுக்குக் கூடுதல் காசு கொடுக்கலாமா?

கல்லடித் தம்பி:
மட்டக்களப்பு டவுனில் இரண்டு போன் பார்த்து வைத்திருக்கிறேன். கமராவும் பேட்டரியும் ஒன்றுதான். ஒன்றில் திரை 120 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 120 தடவை படம் மாறும்; டச் 240. மற்றதில் திரை 60, டச் 120. விலைதான் இடிக்கிறது. ஆனாலும் கூடினதைத்தான் எடுக்க வேண்டும் என்பது என் கட்சி. 240 என்றால் விரல் எங்கே இருக்கிறது என்று ஏறத்தாழ 4 மில்லி வினாடிக்கு ஒரு தடவை திரை பார்க்கிறது. போனில் நாம் செய்வதெல்லாம் விரலால்தானே? ஆனால் எல்லாரும் மெகாபிக்சலைத்தான் கேட்கிறார்கள்.

கல்முனை நானா:
தம்பி, நான் போன் திருத்துகிற ஆள். அந்த 240க்காக மட்டும் காசைக் கொட்டாதீங்க. விரலைக் கண்டுபிடிப்பது முதல் படிதான். பிறகு ஆண்ட்ராய்டு அதை ஆப்புக்குச் சொல்ல வேண்டும், ஆப் படத்தை வரைய வேண்டும், திரை அதைக் காட்ட வேண்டும். பிராசசர் திணறினால், ஸ்டோரேஜ் நிரம்பிக் கிடந்தால், டச் எவ்வளவு வேகமாக இருந்தும் பிரயோசனமில்லை. சில போன்களில் பெட்டியில் போட்டிருக்கிற பெரிய எண் கேம் மோடில் மட்டும்தான் வரும்.

கல்லடித் தம்பி:
சரி நானா, அப்படியே பார்ப்போம். 60 ஹெர்ட்ஸ் திரை 16.7 மில்லி வினாடிக்கு ஒரு தடவைதான் படத்தை மாற்றும், 120 என்றால் 8.3. அந்தப் படியிலும் கூடின போன்தானே முந்துகிறது? 2012இல் மைக்ரோசாப்ட் ஆய்வாளர்கள், விரல் அசைந்து திரை அதைக் காட்டும் வரையான தாமதம் 100 மில்லி வினாடி இருந்தால் எப்படி, 1 மில்லி வினாடி இருந்தால் எப்படி என்று ஒப்பிட்டுக் காட்டினார்கள். முதலாவதில் விரல் முன்னால் போக, இழுத்த சதுரம் பின்னால் வருகிறது. வெறும் கண்ணுக்கே தெரியும்.

பாலமீன்மடு அக்கா:
நீங்கள் இருவரும் காய்ந்த விரலை வைத்துக் கதைக்கிறீர்கள். எங்கள் வீட்டுக்காரர் கடலால் வந்ததும் மீன் முதலாளிக்குப் போன் எடுக்க வேண்டும். கையெல்லாம் உப்புத் தண்ணீர். 7ஐ அமத்தினால் 4 விழும், இல்லாவிட்டால் எதுவும் விழாது. கண்ணாடிக்குக் கீழே உள்ள மின்புலம் விரல் பட்டதும் மாறுவதை வைத்துத்தான் இந்தத் திரை வேலை செய்கிறது. உப்புத் தண்ணீரும் மின்சாரம் கடத்தும். துளி விழுந்தால் அதையும் விரல் என்று நினைத்துவிடும். அப்போது 240 இருந்து என்ன? பிழையைத்தான் 240 தடவை வாசிக்கும். அவர் இன்னும் பட்டன் போனையும் சேர்த்துத்தான் கொண்டு போகிறார்.

கல்முனை நானா:
அக்கா சொல்வதுதான் நம் ஊர்க் கதை. உப்பும் வியர்வையும் ஒரு பக்கம். சார்ஜில் போட்டால் மட்டும் டச் தானாகத் துள்ளுகிறது என்று வருகிறவர்களுக்கு, பெரும்பாலும் மலிவுச் சார்ஜரின் மின் இரைச்சல், அதாவது சீரில்லாத மின்சாரம்தான் காரணம். தடித்த டெம்பர் கிளாஸும் டச்சை மந்தமாக்கும். எல்லாவற்றையும் விட மோசம், உடைந்த திரைக்குப் பதிலாகப் போடுகிற தரம் குறைந்த டிஸ்ப்ளே. போன் புதிதாகத் தெரியும், டச் பழைய மாதிரி வராது.

அக்கரைப்பற்று டீச்சர்:
என் உம்மாவுக்கு வேறு பிரச்சினை. விரல் நுனி காய்ந்து தடித்துப் போய், அமத்தினாலும் பிடிக்காது. அவருடைய சாம்சங் போனின் செட்டிங்ஸில், தொடுகையை நுணுக்கமாக உணர வைக்கிற டச் சென்சிட்டிவிட்டியை ஆன் பண்ணினேன், இப்போது பேரப்பிள்ளைகளோடு வீடியோ கோல் அவரே எடுக்கிறார். அதற்கு ஒரு சதம் செலவில்லை.

கல்லடித் தம்பி:
ஈர விரலுக்கு எண் உதவாது என்பது சரி அக்கா. ஆனால் நான் கடலுக்குப் போகிற ஆள் இல்லை, நாள் முழுக்கத் தமிழில் டைப் பண்ணுகிறவன். எனக்கு 120 திரைதான் வேண்டும். நானா, கடையில் வைத்தே டச்சைச் சோதிக்க வழி இருக்கிறதா?

கல்முனை நானா:
இருக்கிறது. செட்டிங்ஸில் மறைந்திருக்கிற டெவலப்பர் ஆப்ஷன்ஸில் பாயிண்டர் லொக்கேஷனை ஆன் பண்ணுங்க, விரல் போன பாதை திரையில் கோடாகத் தெரியும். மூலைக்கு மூலை மெதுவாக ஒரு கோடு இழுங்க. கோடு அறுந்தால் அந்த இடத்தில் டச் செத்திருக்கிறது. சார்ஜரைக் குத்தியும் ஒருக்கா இழுத்துப் பாருங்க. அப்புறம் விலையைக் கதைக்கலாம்.