புதுப்பிப்பு: தோல் முட்டை பிரச்சனை சரியாயிடுச்சு, ஒரு கோழி மட்டும் பாக்கி

செங்கோட்டைல நம்ம வீட்டு 6 கோழில 3 கோழி ஓடே இல்லாம தோல் முட்டையா போடுதுன்னு போன மாசம் கேட்டிருந்தேன்ல, பதில் சொன்ன எல்லாருக்கும் ரொம்ப நன்றி.

வேலை செஞ்சது புனலூர் அக்கா சொன்ன கிளிஞ்சல்தான், முட்டை ஓட்டுக்கு வேணுங்கற கால்சியம் அதுல இருக்கு. அஷ்டமுடிக் காயல் கக்கா (கிளிஞ்சல்) ஓடு வாங்கி சின்னச் சின்னதா உடைச்சு தனி சட்டில வச்சேன், தீவனத்துல கலக்கல, வேணுங்கற கோழி தானா கொத்திக்கும்னு அக்கா சொன்னாங்க, அதே மாதிரி சாயங்காலம் அடையறதுக்கு முன்னாடிதான் போட்டி போட்டு கொத்துச்சுக, ஏன்னா ஓடு கெட்டியாக கிட்டத்தட்ட 20 மணி நேரம் ஆகுமாம், பெரும்பகுதி ராத்திரிலதான். கூடவே மிச்ச சோறு போடறத குறைச்சுட்டு லேயர் தீவனம் (முட்டைக் கோழிக்குன்னே இருக்கற தீவனம்) குடுத்தேன். நாலு நாள்ல மெலிசா ஓடு வந்துச்சு, பத்தாவது நாள் நல்ல கெட்டி.

எதிர்பாக்காதது, கருப்பி மட்டும் இன்னும் சுருக்கம் விழுந்த முட்டைதான் போடுது, பாவம். கால்நடை டாக்டர்கிட்ட காட்டுனேன், குஞ்சா இருக்கும்போது வந்த இன்ஃபெக்‌ஷியஸ் பிராங்கைட்டிஸ் (கோழிக்கு வர்ற ஒரு வைரஸ் மூச்சுக்குழாய் நோய்) முட்டை வர்ற குழாயவே பாதிச்சிருக்கலாம், அது கால்சியத்துல சரியாகாதுன்னாரு.

தோல் முட்டைய கண்டதும் எடுத்துடுங்க, கோழி தின்னு ருசி பழகிட்டா அப்புறம் நிறுத்தவே முடியல.