தரைமட்டமான அரண் மாளிகை: இருந்ததா, இல்லையா?

கேள்வி: இங்கிலாந்தில் ஒரு இடைக்கால அரண் மாளிகை. சுவர் எதுவும் மிச்சமில்லை, வயலில் சதுரமாக அகழிப் பள்ளம் மட்டும். மதிலில் ஞாயில் (மதில் உச்சியில் பல்வரிசை போன்ற தடுப்பு) வைக்க அரசரின் உரிமம் பதிவில் இருக்கிறது. கட்டியது உறுதிதானே?

பதில் 1: உறுதியாகச் சொல்ல முடியாதுங்க. உரிமம் வெறும் அனுமதிதான். அந்தஸ்துக்காக வாங்கிவிட்டுக் கட்டாமல் விட்டவர்களும் உண்டு, உரிமமே இல்லாமல் கட்டியவர்களும் உண்டு. இங்கிலாந்தில் உள்ள ஸ்டோக்சே என்ற அரண் மாளிகைக்கு உரிமம் கிடைத்தது 1291இல். அதற்கு முன்பே அங்கே வேலை தொடங்கிவிட்டது. உரிமையாளர் இறந்ததும் எடுத்த சொத்து விசாரணைப் பதிவைப் பாருங்கள். கூடம், தேவாலயம், புறாக்கூண்டு என்று பட்டியல் வந்தால் அதுதான் வலுவான சான்று.

பதில் 2: கோடை வறட்சியில் மேலிருந்து படம் எடுங்கள். மண்ணுக்கடியில் கல் இருந்தால் அதன்மேல் புல் சீக்கிரம் காய்ந்து மஞ்சள் கோடாகும். பலரும் சறுக்குவது அடுத்ததில்தான்: அடித்தளக் கல்லையே பெயர்த்துக்கொண்டு போயிருந்தால், அந்தக் குழியில் நிரம்பிய மண் ஈரம் பிடிக்கும், கோடு பச்சையாகத் தெரியும். அதை வாய்க்கால் என்று எழுதிவிடாதீர்கள். தோண்டினால் சுண்ணாம்புச் சாந்துத் துணுக்குகள் கிடைக்கும்.

பதில் 3: அகழியை மட்டும் வைத்து 'கோட்டை' என்று சொல்லிவிட வேண்டாம். 1250 முதல் 1350 வரை வெட்டிய அகழிகளில் பல பெருமைக்கும் மீனுக்கும் வடிகாலுக்கும்தான்.