கடன் முடிஞ்சு நாலு மாசம் ஆச்சு, "இன்னும் ஏன் இப்படி?"ன்னு வீட்ல கேக்குறா

வைகைக்கரை:
போன கார்த்திகையில வீட்டுக் கடனை முடிச்சேன். 2013-ல 20 லட்சம் வாங்குனது. அப்ப வட்டி 10 சதவீதம், தவணை மாசம் 19,300 ரூபாய். அதே வட்டியில 20 வருஷமும் இழுத்திருந்தா மொத்தம் 46 லட்சத்துக்கு மேல போயிருக்கும். பஞ்சப்படி நிலுவை, சீட்டுப் பணம், அவ வளையல் ரெண்டு, எது கையில வந்தாலும் அசல்லயே கொண்டுபோய்க் கொட்டி 12 வருஷத்துல அடைச்சாச்சு. (மாறும் வட்டியில எடுத்த வீட்டுக் கடனை முன்னாடியே அடைச்சா வங்கி அபராதம் போடக்கூடாது. எனக்கே மூணாவது வருஷந்தான் தெரிஞ்சது. தெரியாதவங்க தெரிஞ்சுக்கோங்க.)

இப்ப விஷயத்துக்கு வர்றேன். கடன் இருந்தப்ப எப்படி இருந்தோமோ அப்படியேதான் இருக்கோம். காய்கறிக்கு ராத்திரி எட்டரைக்கு மேலதான் சந்தைக்குப் போவேன், கடையை ஏறக்கட்டுற நேரத்துல தக்காளி பாதி விலைக்குக் கிடைக்கும். ரேஷன்ல துவரம்பருப்பு கிலோ 30, பாமாயில் லிட்டர் 25, ஒரு மாசங்கூட விட்டதில்லை. பையனோட போன வருஷ நோட்டுல மிச்சம் இருக்கிற வெள்ளைத் தாளைப் பிரிச்சு, கோணி ஊசியால தச்சு, கணக்குப் போட்டுப் பாக்க ஒரு நோட்டு பண்ணிக் குடுப்பேன். இட்லி மாவு வீட்லதான் ஆட்டுறது. துணி கையால துவைக்கிறதுதான்.

போன வாரம் துணி பிழிஞ்சுக்கிட்டே சொன்னா: "கடன்காரன் போயிட்டான், நீங்கதான் போக மாட்டேங்குறீங்க."

சிரிச்சுட்டு வந்துட்டேன். ஆனா ராத்திரி தூக்கம் வரல. நான் பண்றது தப்பா? கூச்சப்படாம சொல்லுங்க.

கணக்குப்பிள்ளை:
தப்பே இல்லை அண்ணே. தவணை நின்ன ஆறு மாசத்துல காரை வாங்கிட்டு மறுபடி ஏழு வருஷத் தவணையில உக்காந்தவங்களை என் ஆபீஸ்லயே நாலு பேரைக் காட்டுவேன். மாசம் 19,300 மிச்சமானா அது மிச்சமாவே இருக்காது. முதல் மாசம் போன், ரெண்டாவது மாசம் சோபா, மூணாவது மாசம் "இத்தனை நாள் கஷ்டப்பட்டோமே"ன்னு ஒரு டூர். நாலாவது மாசம் கடன் இருந்தப்ப எவ்வளவு கையில நின்னுச்சோ அவ்வளவுதான் நிக்கும். பழக்கத்தை விடாதீங்க.

ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அந்த 19,300 இப்ப எங்க போகுது?

மாவுக்கல்:
வணக்கம்ங்க. கோயமுத்தூர் பக்கம். உங்க பதிவை ரெண்டு தடவை படிச்சேன். காய்கறி வாங்குறது நீங்க, நோட்டு தைக்கிறது நீங்க. மாவு "ஆட்டுறது", துணி "துவைக்கிறது". யாருங்க ஆட்டுறது? யாரு துவைக்கிறது? அந்த ரெண்டு வரியில மட்டும் ஆளையே காணோம்.

சிக்கனம் நல்லதுதான். ஆனா உங்க வீட்டுச் சிக்கனத்துல பாதி அந்தம்மா முதுகுலதான் நடக்குது. அது உங்க நோட்டுல எந்தப் பக்கத்துலயும் செலவுன்னு ஏறல.

வைகைக்கரை:
அம்மா, கோபப்படாதீங்க. மாவு பாக்கெட்டுல என்னத்தைக் கலக்குறானோ, ரெண்டே நாள்ல புளிச்சு வழியுது. வாஷிங் மெஷின் போட்டா கரண்ட் பில் ஏறும். ரெண்டு மாசத்துக்கு 200 யூனிட்டுக்குள்ள பல வருஷமா நிறுத்தி வச்சிருக்கேன். அதுக்காக ஹாலைத் தவிர வேற எங்கயும் பகல்ல ஃபேன் ஓடாது.

மாவுக்கல்:
சரிங்க, நீங்க கணக்குப் போடுறவர்னு தெரியுது, கணக்காவே பேசலாம்.

எங்க ஊர்க் கடை விலைக்கு இட்லி அரிசி ஒரு கிலோ 50, உளுந்து கால் கிலோ 35, வெந்தயம், கரண்ட் எல்லாம் சேத்து 90 ரூபாய்னு வைங்க. மூணு கிலோ மாவு வரும். அதே மூணு கிலோ கடையில 150. மிச்சம் 60 ரூபாய். ஊறப்போட்டு, உளுந்து தனி அரிசி தனியா ஆட்டி, கல்லைத் தூக்கிக் கழுவி, வழிச்சு, கரைச்சு வைக்க ஒண்ணரை மணி நேரம். மணிக்கு 40 ரூபாய் கூலி. உங்க வீட்ல வேலை செய்ய இந்தக் கூலிக்கு வெளியாள் வருவாங்களா, கேட்டுப் பாருங்க. புளிக்கிறது பத்தி சொன்னீங்க, ஒத்துக்கறேன். வீட்டு மாவுக்கு வீட்டு மாவுதான். அப்ப ஒரு வாரம் நீங்க ஆட்டுங்க.

அடுத்தது மெஷின். சாதாரணத் தண்ணியில ஒரு தடவை துவைக்க அரை யூனிட் கூட ஆகாது. ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டா ரெண்டு மாசத்துக்கு 15 யூனிட். 2025 கட்டணப்படி முதல் 100 யூனிட் இலவசம், அதுக்கு மேல 200 வரைக்கும் யூனிட் 2 ரூபா 35 காசு. மொத்தம் 35 ரூபாய்ங்க! ரெண்டு மாசத்துக்கு! 200 தாண்டினாலும் தாண்டுன யூனிட்டுக்குத்தான் விலை கூடும். நிஜமா பயப்பட வேண்டிய கோடு 500 யூனிட், அதைத் தாண்டினாத்தான் கணக்குப் போடுற முறையே மாறி அடி பலமா விழும். நீங்க அதுக்குப் பக்கத்துலகூட இல்லை.

முப்பத்தஞ்சு ரூபாய்க்காக ஒரு பொம்பளை ஜீன்ஸ் பேண்டைப் பிழியறா.

சும்மா படிக்கிறவன்:
நான் வாடகை வீட்ல இருக்கேன். ஓனர் தனி மீட்டர் வச்சு யூனிட்டுக்கு 8 ரூபாய் வாங்குறார், இலவச 100 யூனிட் எல்லாம் பேப்பர்ல படிக்கிறதோட சரி. உங்க வீட்டுச் சண்டை எங்க வீட்லயும் சீக்கிரம் வரணும்னு அழகர்சாமிய வேண்டிக்கிறேன். நீங்க தொடருங்க.

கணக்குப்பிள்ளை:
மாவுக்கல் அக்கா கணக்கு சரிதான். ஆனா ஒரு இடத்துல நான் ஒத்துக்க மாட்டேன். மணிக்கு 40 ரூபாய்ங்கிறது, அந்த ஒண்ணரை மணி நேரத்துல வேற வருமானம் பாக்கிறவங்களுக்குத்தான் நஷ்டம். இல்லாதவங்களுக்கு அந்த 60 ரூபாய் லாபந்தானே?

மாவுக்கல்:
அந்த நேரத்துல அவங்க சும்மா உக்காந்து டிவி பாத்தாலும் அது அவங்க நேரம் தம்பி. நீங்க ஞாயித்துக்கிழமை மத்தியானம் தூங்குறப்ப உங்களை எழுப்பி மணிக்கு 40 ரூபாய்க்கு வேலை தரட்டுமா?

கணக்குப்பிள்ளை:
விட்டுடுறேன் அக்கா :)

வடகாடு மாமா:
புதுக்கோட்டைக்காரன் ஒண்ணு கேக்கட்டுமா. கடன் முடிஞ்சிருச்சு, கடன் முடிஞ்சிருச்சுங்கிறீயளே, மொய் நோட்டை எடுத்துப் பாத்தீயளா? வீடு குடிபோனப்ப உங்களுக்கு எவ்வளவு மொய் வந்துச்சு? அதெல்லாம் யாரு கடன்?

எங்க பக்கம் ஆடி மாசம் வந்தா மொய் விருந்துதான். கறிச்சோறு போட்டு, வரிசையா மேசை போட்டு எழுதுவாக. இப்பக் கம்ப்யூட்டர்லயே ரசீது அடிச்சுத் தர்றாக. அதுல வந்த காசுல போர் போட்டவன், கடை வச்சவன், பிள்ளையப் படிக்க வச்சவன் எல்லாம் இருக்கான். வாங்குனதைத் திருப்பி எழுதி, மேல கொஞ்சம் புதுசாவும் எழுதணும். எழுதலன்னா ஊர்ல தலை காட்ட முடியாது. சிக்கனக்காரவுக முதல்ல கை வைக்கிறது மொய்யிலதான். தம்பி நீங்க எப்படி?

வைகைக்கரை:
மாமா, சரியான இடத்துல குத்திட்டீங்க. போன ஆவணியில மச்சினன் பிள்ளைக்குக் காதுகுத்து. எங்க வீடு குடிபோனப்ப அவர் 2,000 எழுதுனவர். நான் 1,001 எழுதுனேன், கடன் முடியட்டும் பாத்துக்கலாம்னு. வீட்டுக்கு வந்து அவ ரெண்டு நாள் பேசல. எதுக்குன்னு அப்பப் புரியல, சோத்துல உப்பு இல்லைன்னு மட்டும் தெரிஞ்சது.

கணக்குப்பிள்ளை:
மொய்ங்கிறது வட்டியில்லாக் கடன், ஆனா தவணைத் தேதியை எதிராளிதான் முடிவு பண்ணுவான். எனக்கு அதான் பயம். ஒரே ஆடியில எட்டுப் பத்திரிகை வந்து மொய் எழுதவே நகையை அடகு வச்ச குடும்பம் எனக்குத் தெரியும். மாமா இதையும் சொல்லணும்.

வடகாடு மாமா:
இருக்கு. இல்லைங்கல. நானே ஒரு வருசம் வச்சிருக்கேன். ஆனாலும் மச்சினன் விசயத்துல தம்பி பண்ணுனது தப்புதான்.

கணக்குப்பிள்ளை:
சரி, முதல்ல கேட்டதுக்கு இன்னும் பதில் வரல. மாசம் 19,300 எங்க?

வைகைக்கரை:
சேமிப்புக் கணக்குலதான் கிடக்கு. அஞ்சாம் தேதி தவணை போற நாள். அன்னைக்குக் காலையில போனை எடுத்து, பணம் போகலைன்னு பாத்துட்டு வச்சிருவேன். எடுக்க மனசு வரல.

கேட்டதால சொல்றேன். எங்க அப்பாவுக்கு ஒரு வட்டிக்காரர் இருந்தார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் டிவிஎஸ் 50-ஐ வாசல்ல நிறுத்திட்டு, தோல் பையை ஹேண்டில்லயே தொங்கவிட்டுட்டு, திண்ணையில உக்காந்து தண்ணி கேப்பார். சத்தம் போட்டதே இல்லை. தண்ணிச் செம்பைக் கொண்டு குடுக்கிறது நான். அப்பா அடுப்படியில நின்னுக்கிட்டு, இல்லைன்னு சொல்லுன்னு கையைக் காட்டுவார். எனக்கு அப்ப ஒம்பது வயசு. இன்னைக்கும் வாசல்ல யாராவது வண்டியை அணைச்சா முதல்ல காதுதான் அங்க போகுது.

மாவுக்கல்:
இது தெரியாமத்தான் நேத்து காரமா எழுதிட்டேன், மனசுல வச்சுக்காதீங்க. ஆனா சொன்னதுல ஒரு வார்த்தையும் திருப்பி எடுக்கலைங்க. அந்தத் திண்ணையில உக்காந்தவருக்கும் வீட்டம்மா துணி பிழியறதுக்கும் சம்பந்தம் இல்லை. இந்தக் கதையை எங்ககிட்ட சொன்ன மாதிரி அவங்ககிட்ட சொல்லியிருக்கீங்களா?

வைகைக்கரை:
முழுசா இல்லை.

கணக்குப்பிள்ளை:
அண்ணே, பயத்துக்கு மருந்து சேமிப்புக் கணக்கு இல்லை. பெரிய வங்கிகள்ல அதுக்கு 3 சதவீதங்கூட வட்டி கிடையாது. நான் உங்க இடத்துல இருந்தா, ஆறு மாசச் செலவுக்கான பணத்தை முதல்ல நிரந்தர வைப்புல போட்டு மறந்துருவேன். ஒரு வங்கியில உங்க வைப்பு எல்லாம் சேந்து 5 லட்சம் வரைக்கும்தான் காப்பீடு, மனசுல வச்சுக்கோங்க. அப்புறம் குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடு. தனிநபர் பாலிசிக்கு 2025 செப்டம்பர் 22-ல இருந்து ஜிஎஸ்டி கிடையாது. திரும்பக் கடன்ல விழறவன் நிறையப் பேரு கார் வாங்கி விழறதில்லை, ஆஸ்பத்திரி பில்லுல விழறான். (கார்க்காரங்களைப் பத்தி முதல்ல நான்தான் எழுதுனேன். அதுவும் இருக்கு, இதுவும் இருக்கு.) மிச்சத்துல பையன் பேர்ல ஒரு சேமிப்பு, உங்க பேர்ல ஒண்ணு. அவங்களுக்கு மெஷின். மச்சினனுக்கு விட்டுப்போன 999.

அது இருக்கட்டும், பத்திரம் கைக்கு வந்துருச்சா?

வைகைக்கரை:
22-ஆவது நாள் குடுத்துட்டாங்க. 30 நாளைத் தாண்டினா நாளுக்கு 5,000 வங்கி தரணும்னு 2023 டிசம்பர்ல இருந்து விதி இருக்கே, அதைச் சொல்லித்தான் வாங்குனேன். டிரங்குப் பெட்டியில பூட்டியாச்சு.

கணக்குப்பிள்ளை:
ரசீது ஆவணம் பதிஞ்சாச்சா?

வைகைக்கரை:
அது என்ன?

கணக்குப்பிள்ளை:
அண்ணே! கடன் வாங்குறப்ப பத்திரத்தை ஒப்படைச்சதை சார்பதிவாளர் ஆபீஸ்ல பதிவு பண்ணியிருப்பாங்க. கடன் முடிஞ்சதும் வங்கி ஒரு ரசீது எழுதிக் குடுத்து அதையும் அங்கயே பதியணும். அது வரைக்கும் வில்லங்கச் சான்று போட்டுப் பாத்தா உங்க வீடு இன்னும் அடமானத்துலதான் நிக்கும். நாளைக்குப் பையன் விக்கப் போனா அலையணும். ஆன்லைன்லயே போட்டுப் பாருங்க.

வைகைக்கரை:
போட்டுப் பாத்தேன். நிக்குது. 2013, வங்கி பேரு, 20 லட்சம், எல்லாம் அப்படியே நிக்குது. அவகிட்ட காட்டுனேன், விழுந்து விழுந்து சிரிக்கிறா. திங்கக்கிழமை லீவு போட்டு வங்கி மேனேஜரைப் பாக்கப் போறேன். அவளும் வர்றாளாம், போற வழியில மெஷின் கடை ஒண்ணு இருக்காம், விலை மட்டும் கேக்கணுமாம்.

மாவுக்கல்:
வெய்யில்ல பஸ் ஸ்டாண்டுல நிக்க விடாம ஆட்டோவுல கூட்டிட்டுப் போங்க.

வைகைக்கரை:
டவுன் பஸ்லதான். அவளுக்கு டிக்கெட் இல்லையே.