இரும்புச்சத்து மாத்திரை எடுத்தவர்களே, உங்களால் மறக்க முடியாதது எது?

நிலாமுகம்:
விரலில் மரு என்றுதான் போயிருந்தேன். அதை எரித்துவிட்டுக் கையுறையைக் கழற்றிய டாக்டரம்மா, என் கீழிமையை இழுத்துப் பார்த்தார். "ஐஸ்கட்டி மெல்லுவீங்களா?" என்று கேட்டார். தூக்கிவாரிப்போட்டது. வீட்டில் யாருக்கும் தெரியாத விஷயம் அது. எல்லோரும் தூங்கிய பிறகு ஃப்ரீசர் தட்டைக் கவிழ்த்து, சத்தம் வராமல் இருக்க வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு கடிப்பேன். எட்டு மாதமாக இப்படி. ஹீமோகுளோபின் 8.1. மாத்திரை தொடங்கிய இரண்டாவது வாரமே ஐஸ் ஆசை விட்டுப்போனது, அளவு சரியாக ஏறுவதற்கு முன்பே. மாதாமாதம் ஏழு நாள் போகிறது என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! ஒருவரும் ரத்தப் பரிசோதனை எழுதித் தரவில்லை.

கறுப்புமை:
எனக்கு ஐஸ் இல்லை, மலம். நான்காம் நாள் காலையில் கரி மாதிரி கறுப்பு. உள்ளே ரத்தம் கசிகிறது என்று நானே முடிவுகட்டி, கழிப்பறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன். அன்றோடு மாத்திரையும் நின்றது. உடம்பில் சேராத இரும்பு அப்படித்தான் வெளியே போகும் என்று கொடுத்தவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒரு வருடம் வீண்.

ஜன்னலோரம்:
வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். மூன்றாவது நிறுத்தத்தில் வாந்தி, முன்சீட்டுக்காரர் தோளில். அவ்வளவுதான் என் கதை.

ஆனால் எல்லோரும் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். டீ, காபியோடு மாத்திரை போடாதீர்கள், இரும்பு சேராது. கால்சியம் மாத்திரையும் அதே நேரத்தில் வேண்டாம். தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் நான்கு மணி நேரம் இடைவெளி விடுங்கள். அட்டையில் ஃபெரஸ் சல்ஃபேட் 300 மி.கி. என்று இருந்தாலும் அதில் உண்மையான இரும்பு சுமார் 60 மி.கி.தான். ஒரு மாத்திரை போட்டதும் ஹெப்சிடின் என்கிற ஹார்மோன் ஏறி, மறுநாள் மாத்திரையைக் குடல் உறிஞ்சுவதைக் குறைக்கும். அதனால் ஒருநாள் விட்டு ஒருநாள் போடுங்கள். குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள், ஒரு பிடி மாத்திரை உயிரையே எடுத்துவிடும். கறுப்புமை, பயந்ததில் தப்பில்லை. தார் போல ஒட்டிக்கொண்டு கடுமையாக நாறினால் அது நிஜமாகவே ரத்தமாக இருக்கலாம்.

பழையபாக்கி:
ஜன்னலோரம், எல்லோருக்கும் ஒரே அளவு எழுதாதீர்கள். நிலாமுகத்துக்கு 8.1, அதைச் சரிசெய்வது வேறு. வராமல் தடுக்கக் கொடுப்பது வேறு. உலக சுகாதார நிறுவனம் 2016-இல் சொன்னது தடுப்புக்குத்தான்: தினமும் 30 முதல் 60 மி.கி. இரும்பு, வருடத்தில் தொடர்ந்து மூன்று மாதம். அதுவும் நூற்றில் 40 பெண்களுக்கோ அதற்கு மேலோ சோகை இருக்கிற இடங்களுக்கு.

என் விஷயம் இது. ஹீமோகுளோபின் 12.4. பெண்களுக்கு 12 இருந்தால் போதுமாம், "நார்மல்" என்று அனுப்பிவிட்டார்கள். மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்திருந்தபோது எதிர்வீட்டுக் குழந்தை நின்று பார்த்துவிட்டு, "எங்க பாட்டி மாதிரியே மூச்சு விடுறீங்க" என்றது. எனக்கு 29 வயது. அப்புறம் நானே கேட்டு, உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் அளவைப் பார்த்தேன். 7. பதினைந்துக்குக் கீழே போனாலே சேமிப்பு தீர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

ஜன்னலோரம்:
சரி, அளவை டாக்டரே சொல்லட்டும். ஆனால் ஒருநாள் விட்டு எடுத்த பிறகுதான் என் வயிறு ஒத்துக்கொண்டது, அதை மாற்றிச் சொல்ல முடியாது. முன்சீட்டுக்காரரைக் கேட்டுப் பாருங்கள்.

நிலாமுகம்:
சண்டை வேண்டாம், எனக்குத் தினமும்தான் எழுதியிருக்கிறார். இன்னொன்று சொல்ல விட்டுப்போச்சு. அந்தக் கேள்வியைக் கேட்கும்போது டாக்டரம்மா கதவைப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தித்தான் கேட்டார். அவரும் ராத்திரியில் மென்றவரோ?