விபத்து இழப்பீட்டு வழக்கு: ஏ.ஆர். காப்பியில் விழும் முதல் வரி

வக்கீல் குமாஸ்தா, தருமபுரி:
தொப்பூர் கணவாயில் அடிபட்டவங்க வழக்குக் கட்டு வந்தா, எஃப்.ஐ.ஆருக்கு முன்னாடி ஏ.ஆர். காப்பியைத்தான், அதாவது ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டு நகலைத்தான் பார்க்கணும். அவசரப் பிரிவு டூட்டி டாக்டர் எழுதற பதிவு அது. எத்தனை மணி, எந்த இடம், எது மோதுச்சு, யார் கூட்டிவந்தாங்க, எல்லாம் அதில் இருக்கும். கூட வந்தவர் பதற்றத்தில் "வண்டியிலிருந்து விழுந்துட்டாருங்க" என்றால் அப்படியே பதிவாயிடும். பிறகு எஃப்.ஐ.ஆரில் லாரி நம்பர் வந்தால், லாரியைப் பின்னாடி சேர்த்துட்டாங்க என்று இன்சூரன்ஸ் வக்கீல் குறுக்கு விசாரணையில் பிடிச்சுக்குவார். நம்பர் தெரியலேன்னா "லாரி மோதுச்சு, நம்பர் பார்க்கல" என்று உள்ளதைச் சொன்னாலே போதும். எஃப்.ஐ.ஆர். தாமதத்துக்குக் காரணம் சொன்னா கோர்ட் ஏத்துக்கும். முரண்பட்ட முதல் வரியை மீட்கறதுதான் பெரும்பாடு.

கிருஷ்ணகிரி உறுப்பினர்:
குமாஸ்தா அண்ணா சொன்னதோட சிசிடிவியையும் சேர்த்துக்குங்க. ஹைவே பங்க், ஓட்டல்களில் கேமரா படத்தைச் சேமிக்கிற டி.வி.ஆர். பெட்டி நிரம்பினதும் பழசு மேலேயே புதுசு பதிவாகும். சில இடத்தில் ரெண்டு வாரம்கூடத் தாங்காது. உடனே கடைக்காரர்கிட்டயும் விசாரணை அதிகாரிகிட்டயும் எழுத்தில் கேளுங்க. மானிட்டரை செல்போனில் படம் பிடிச்சு வாட்ஸ்அப்பில் வாங்கினது கோர்ட்டில் நிற்காது. மூலப் பதிவிலிருந்து நேரா காப்பி எடுத்து, பாரதிய சாட்சிய அதினியம் (புதிய சாட்சியச் சட்டம்) 63(4)-இன்படி மின்னணுப் பதிவுக்கான சான்றிதழ் வாங்கணும். டி.வி.ஆர். கடிகாரம் சில இடத்தில் பத்து நிமிஷம்கூட முன்னபின்ன ஓடும். அந்த வித்தியாசத்தை அன்னைக்கே எழுதிவைங்க, இல்லேன்னா ஏ.ஆர். நேரத்தோட இடிக்கும்.

ஓசூர் உறுப்பினர்:
தொகையைத் தீர்மானிக்கிறது ஊனமும் வருமானமும். 32 வயசு லேத் ஆபரேட்டர், மாசம் 15,000 என்று வைங்க. வருஷ வருமானத்தை வயசுக்கு ஏத்தபடி பெருக்கற பெருக்கு எண் அந்த வயசுக்கு 16. 15,000 × 12 × 16 = 28,80,000. மெடிக்கல் போர்டு சொன்ன 20 சதவீதத்தை அப்படியே எடுத்தால் 5,76,000. வலது கை விரல் போய் அந்த வேலையே செய்ய முடியாதுன்னு நிரூபிச்சு, சம்பாதிக்கும் திறன் இழப்பு 40 சதவீதம்னு கோர்ட் ஏற்றால் 11,52,000. சுப்ரீம் கோர்ட்டோட 2010 ராஜ்குமார் தீர்ப்பு உடல் ஊன சதவீதத்தையும் சம்பாதிக்கும் திறன் இழப்பையும் பிரிச்சே பார்க்கச் சொல்லுது. அதுக்கு வேலை விவரம் எழுதின கம்பெனிக் கடிதம், பி.எஃப்., இ.எஸ்.ஐ. பதிவு, சம்பளம் ஏறின பாஸ்புக் பக்கம் வேணும். கான்ட்ராக்ட் ஆளுங்க கையில் வாங்கற சம்பளத்துக்கு ஆதாரமே இல்லாம போறதைப் பார்த்தா மனசு வலிக்குது.

வக்கீல் குமாஸ்தா, தருமபுரி:
கெடுவையும் பாருங்க. 2022 ஏப்ரல் 1-லிருந்து மோட்டார் வாகனச் சட்டம் 166(3)-இன்படி இழப்பீட்டு மனு போட விபத்து நாளிலிருந்து ஆறு மாசம். ஊனச் சான்றுக்காக மனுவை நிறுத்திவைக்காதீங்க. முதலில் மனுவைப் போட்டுட்டு, சான்றை விசாரணையின்போது தாக்கல் பண்ணலாம்.