மறு: மூளைக்குள் வைத்த பொருள் நிலைக்குமா, நிற்குமா?

குழுவினருக்கு வணக்கம். ஒரு மருத்துவக் கட்டுரையை மொழிபெயர்க்கையில் 'ஸ்டெபிலிட்டி' என்பதற்கு நான் புதுச்சொல் தேடியதற்கு வந்த மறுமொழிகளுக்கு இது பதில்.

> 'நிலைப்புத்தன்மை' பாடநூலிலேயே இருக்கிறது. புதுச்சொல் எதற்கு?

மன்னார்குடி ஐயா கேட்டது நியாயம்தான். வேதியியலுக்கு அந்தச் சொல்லே போதும். நான் மொழிபெயர்க்கும் கட்டுரையில்தான் அது இடறுகிறது. பக்கவாதத்தில் மூளையின் ஒரு பகுதி செத்துக் குழியாகிவிடுகிறது. அந்தக் குழிக்குள் கொலாஜன், ஹயலுரானிக் அமிலம், ஆல்ஜினேட், பட்டுப்புரதம் போன்ற இயற்கைப் பொருள்களைக் கூழாக்கி ஊசி வழியே செலுத்திப் பார்க்கிறார்கள், பெரும்பாலும் எலிகளில். புது உயிரணுக்கள் அதைப் பற்றிக்கொண்டு வளரட்டும் என்பது எண்ணம். அந்தக் கூழ் எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும் என்பதுதான் கட்டுரையின் கேள்வி.

'நிலைப்பு' என்றால் நிலைத்துப்போவது. ஆனால் இந்தக் கூழ் நிலைத்துவிடக் கூடாது. உயிரணு வேர்பிடிக்கும்வரை இருக்க வேண்டும், அப்புறம் இடத்தைக் காலிசெய்ய வேண்டும். முன்னாலேயே போனால் உயிரணுவுக்குப் பிடிமானம் இல்லை. போகாமல் உட்கார்ந்துவிட்டால் உடல் அதை அந்நியப் பொருளாகப் பார்த்துச் சுற்றிலும் வடுக் கட்டிவிடும்.

திருச்சிப் பக்கம் ஆற்றில் தண்ணீர் இறங்கிவிட்டால் மணலைக் குவித்துக் கொரம்பு போட்டு வாய்க்காலுக்குத் தண்ணீரைத் திருப்புவார்கள். அது கல்லணை மாதிரி நிலைக்க வேண்டும் என்று யாரும் நினைப்பதில்லை. வெள்ளம் வந்தால் போய்விடும். அதற்குள் வாய்க்காலில் தண்ணீர் ஏறியதா, அவ்வளவுதான்.

நோயுற்ற மூளையோ வெள்ளத்தில் இருக்கும் ஆறு. நல்ல மூளையில் வைத்துப் பார்த்த நாள்கணக்கை நம்பி இங்கே இறங்க முடியாது. பக்கவாதத்துக்குப் பிறகு மூளையின் காவல் உயிரணுக்களான மைக்ரோகிளியா விழித்துக்கொள்கின்றன, இரத்தத்திலிருந்து குப்பையை விழுங்கும் மேக்ரோபேஜ் உயிரணுக்கள் வந்து சேர்கின்றன, எம்எம்பி-9 என்ற நொதி ஏறுகிறது. கொலாஜனிலிருந்து கிடைக்கும் ஜெலட்டினைக் கத்தரிப்பதில் அது கைதேர்ந்தது. ஜெலட்டினேஸ் என்றே அதற்கு இன்னொரு பெயர் உண்டு. ஆல்ஜினேட் கதை வேறு. பழுப்புக் கடற்பாசியிலிருந்து எடுக்கிற அதை வெட்டும் நொதி பாலூட்டிகளிடம் கிடையாது. கூழைக் கட்டிப் பிடித்திருக்கும் கால்சியம் மெல்ல விலகி, அந்த இடத்தில் சோடியம் வந்து உட்கார, கூழ் இளகிப் போகிறது. பட்டு இன்னும் பிடிவாதக்காரன். திருபுவனத்துப் பட்டுக்குப் பசை எடுப்பது மாதிரியே செரிசின் என்ற பசையை நீக்கிவிட்டு ஃபைப்ராயின் என்ற இழைப்புரதத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். அதன் இழைகள் மடிந்து அடுக்கி நெருங்கியிருப்பதால் நொதி உள்ளே நுழையத் திணறுகிறது.

> பேசாமல் 'சிதைவு' என்று போட்டுவிடலாம்.

கூழ் உள்ளேயே மெல்ல மறைந்துபோவதற்கு அந்தச் சொல் வேண்டாம். என் மகள் பிரசவத்தின்போது செவிலியர் சொன்னது இது: "தையல் பிரிக்க வர வேண்டாம்மா, தானா கரைஞ்சிடும்." யாரும் அகராதியைத் தேடவில்லை. 'உயிரிச்சிதைவு அடையும்' என்று சொல்லியிருந்தால் சம்பந்தி அம்மா அங்கேயே மயங்கி விழுந்திருப்பார். ஆகவே கரைவு. உப்பு கரைவதும் நொதி வெட்டுவதும் ஒன்றா என்று நாகப்பட்டினம் அக்கா கேட்டிருந்தார். ஒன்றில்லைதான். பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் 'நொதிக்கரைவு' என்போம்.

இனி என் சொல்: நிற்பு. ஏல் ஏற்பு ஆவது போல நில் நிற்பு ஆகிறது. 'நிலை'க்கும் அதே வேர்தான், ஆனால் காதில் விழும் பொருள் வேறு. தஞ்சாவூரிலிருந்து மாயவரம் போகும் பேருந்து கும்பகோணத்தில் நிற்கும், நிலைக்காது. யூரியாவை அப்படியே வீசினால் ஓடிவிடும், வேப்பம்புண்ணாக்கு கலந்து போட்டால் "நின்னு வேலை செய்யும்" என்பார் எங்கள் பக்கத்து வயல்காரர். எத்தனை நாள் என்று எண்ணிச் சொல்ல நிற்புக்காலம். 'நோயுற்ற மூளையில் இயற்கை உயிரிப்பொருள்களின் நிற்பு' என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ('உயிரிப்பொருள்' என்றதும் எனக்குச் சாணமும் வைக்கோலும்தான் நினைவுக்கு வருகின்றன. அந்தச் சண்டையை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.)

திருவையாற்றிலிருந்து

* * *

> மாயவரம் போகும் பேருந்து கும்பகோணத்தில் நிற்கும், நிலைக்காது.

அப்படியானால் அது நிற்கிற இடத்துக்குப் 'பேருந்து நிலையம்' என்று பெயர் வைத்தவர்களை என்ன செய்யலாம், தம்பி?

விளையாட்டு இருக்கட்டும். பக்கவாதம் பற்றிய கட்டுரை என்கிறீர்கள். இயன்முறை மருத்துவர் அதைப் பிரித்து 'ஆறாம் வார நிற்பு' என்று படித்தால் என்ன நினைப்பார்? நோயாளி எழுந்து நின்றுவிட்டார் என்றுதானே? அவர்கள் நாள் முழுக்கப் பாடுபடுவதே அதற்குத்தான். கரைவுக்கு என் ஓட்டு உண்டு. நிற்புக்கு இல்லை.

மன்னார்குடியிலிருந்து

* * *

ஐயா, இது எனக்குத் தோன்றவே இல்லை. என் அப்பா பக்கவாதத்தில் படுத்திருந்த நாளில் வீட்டில் எல்லோரும் கேட்டதும் அதுதான்: "இன்னிக்கு நின்னாரா?" தனியாக 'நிற்பு' கூடாது, ஒப்புக்கொள்கிறேன். 'உள்நிற்பு' என்றால் என்ன? உள்ளே வைத்த பொருள் உள்ளே நிற்பது. 'ஆறாம் வார உள்நிற்பு' என்று படித்தால் யாரும் நோயாளியைத் தேட மாட்டார்கள். காலக்கணக்குக்கு உள்நிற்புக்காலம். கொஞ்சம் நீளம்தான், கட்டுரையில் நான்கு இடத்தில்தான் வருகிறது.

நிலையத்தைப் பற்றி: கட்டடம் நிலைக்கிறது, வண்டிதான் நிற்கிறது. பெயர் வைத்தவர்கள் சரியாகத்தான் வைத்திருக்கிறார்கள்.

சொற்பட்டியலில் கரைவு, நொதிக்கரைவு இரண்டையும் ஏற்றிவிட்டேன். உள்நிற்புக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன். நாகப்பட்டினம் அக்கா பார்த்துச் சொல்லட்டும்.