நடவு வயலில் எங்கே நிற்பது? கடலூர், புதுவைப் பக்கம் படமெடுப்போர் பகிர்வு

பாகூரிலிருந்து:

சம்பா நடவைப் படமெடுக்க நினைப்பவர்கள் லென்ஸைப் பற்றி யோசிக்கும் முன், நாளைக்கு எந்த வயலில் நடவு என்று விசாரியுங்கள். டீக்கடையிலேயே தெரிந்துவிடும். நாற்றுப் பறிப்பு விடியலிலேயே தொடங்கிவிடும்; நடவு மும்முரமாக நடப்பது வெயில் ஏறிய பிறகு. இளவெயிலில் மனிதர்கள் வேண்டுமென்றால் நாற்றங்காலுக்குத்தான் போக வேண்டும்.

நடுகிறவர்கள் பின்னால் நகர்ந்தபடியே நடுவார்கள். நட்டு முடித்த பக்கத்து வரப்பில் நின்றால் முகம் நம் பக்கம் இருக்கும், ஆனால் போகப்போக விலகிக்கொண்டே போவார்கள். அதனால் அவர்கள் தொடங்கும்போதே அங்கே இருங்கள். நின்றபடி எடுத்தால் முதுகும் தலையில் கட்டிய துண்டும்தான் விழும். கேமராவை முழங்கால் உயரத்துக்கு இறக்கினால் குனிந்த முகம் கிடைக்கும். ஷட்டர் வேகம் 1/250 நொடி போதும். தெறிக்கும் சேற்றை நிறுத்த 1/1000 வேண்டும்.

வானம் வயலில் தெரிவது நட்ட முதல் இரண்டு மூன்று வாரம்தான். தூர் கட்டிவிட்டால் தண்ணீர் மறைந்துவிடும். காற்று எழுவதற்குள், காலை ஏழரைக்குள் எடுத்துவிடுங்கள். இந்தப் பிரதிபலிப்புக்கு லென்ஸின் முன் போலரைசர் (பளபளப்பை வெட்டும் வடிகட்டி) போடாதீர்கள், அது பிரதிபலிப்பையே அழித்துவிடும். பயிர் வளர்ந்தபின் இலையின் பளபளப்பைக் குறைக்கத்தான் அது உதவும். அப்போதும் ஒன்றரை ஸ்டாப்புக்கு மேல், அதாவது பாதிக்கும் அதிகமான வெளிச்சத்தைத் தின்னும்.

புதிதாக அண்டை வெட்டி மண் அணைத்த வரப்பில் கால் வைக்காதீர்கள். உடைந்தால் தண்ணீர் அடுத்த வயலுக்கு ஓடிவிடும். ஒரு படத்துக்காக விவசாயி மறுபடி மண்வெட்டி எடுக்க வேண்டியிருக்கும்.

வில்லியனூரிலிருந்து:

பாகூர் அண்ணா சொன்னதோடு உழவையும் சேர்த்துக்கொள்ளலாம். டிராக்டருக்குப் பின்னால் வரும் கொக்குகளை எடுக்கும்போது பலருக்கும் இறகு வெறும் வெள்ளைத் திட்டாகிவிடுகிறது. கருஞ்சேற்றைப் பார்த்த கேமரா படத்தை வெளுப்பாக்குவதுதான் காரணம். எக்ஸ்போஷரை (படம் வாங்கும் வெளிச்ச அளவை) -0.7 முதல் -1 வரை குறையுங்கள். மார்கழிப் பனியில் இதற்கு நேர்மாறு: +0.7 ஏற்றாவிட்டால் பனி சாம்பல் புகையாகத் தெரியும். செல்போனில் எடுத்தால், பல படங்களை ஒன்றாக்கும் எச்டிஆர் வசதியை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பறக்கும் கொக்குக்கு இரண்டு சிறகுகளுக்குப் பதில் நாலு வரும்.

தாழங்குடாவிலிருந்து:

நம் கரையில் சூரியன் கடலிலிருந்து எழுவதால், கடலைப் பார்த்து எடுத்தால் காலையில் எல்லாரும் நிழலுருவம்தான். வலை இழுப்பவர்களை அப்படி எடுக்கும்போது மணலில் உட்கார்ந்துவிடுங்கள். நின்றால் அடிவானக் கோடு கழுத்தில் வெட்டும்; உட்கார்ந்தால் தலைகள் வானத்துக்கு எழும்பும். சூரியனுக்குப் பக்கத்து வானத்தில் கேமராவை வெளிச்சம் அளக்க வைத்து, ஆளுக்கு ஆள் இடைவெளி விழும்வரை காத்திருங்கள். முகம் வேண்டுமென்றால் கடல் நமக்கு முதுகில் இருக்க வேண்டும். கரைவலையின் இரண்டு கயிறுகளுக்கு நடுவே மட்டும் நிற்கக் கூடாது. இழுக்க இழுக்க இரண்டு குழுவும் நெருங்கி வருவார்கள், நாம் அவர்கள் வேலைக்குக் குறுக்கே நிற்போம்.

இன்னொன்று: உதயப் புள்ளி ஆண்டு முழுக்க ஒரே இடத்தில் இல்லை. ஜூன் கடைசியில் நேர்கிழக்கிலிருந்து வடக்கே சுமார் 24 பாகை, டிசம்பர் கடைசியில் தெற்கே அதே அளவு. ஒரு படகுக்கோ பனைமரத்துக்கோ பின்னால் சூரியன் வர வேண்டுமென்றால் மாதத்தைத் தேர்ந்தெடுங்கள். ஜூனில் உதயம் ஐந்தே முக்காலை ஒட்டி, ஜனவரியில் ஆறரையை ஒட்டி. முக்கால் மணி முன்பே போனால்தான் சிவப்பும் நீலமும் கிடைக்கும்.

உப்புக்காற்று லென்ஸில் மெல்லிய படலமாகப் படியும். சூரியனுக்கு எதிரே எடுக்கும்போதுதான் அது மங்கலாகக் காட்டிக்கொடுக்கும். உலர்ந்த துணியால் துடைத்தால் மணல் கீறிவிடும். முதலில் ப்ளோயரால் (காற்றடிக்கும் ரப்பர் குமிழால்) ஊதி, குடிதண்ணீரில் லேசாக நனைத்த துணியால் துடைத்து, பிறகு உலர்ந்த துணி.

பண்ருட்டியிலிருந்து:

முந்திரித் தோப்பிலும் பலா மரத்தடியிலும் தொல்லை இலை வழியே வரும் பச்சை வெளிச்சம். ஆட்களின் தோல் நோயாளி போல் ஆகிவிடும். தானியங்கி வெள்ளைச் சமநிலையை (கேமரா தானே நிறத்தைச் சரிசெய்வதை) நம்பாதீர்கள்; நிழலில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து அளவெடுங்கள், அல்லது RAW கோப்பாக (பின்னர் நிறம் திருத்த வசதியான மூலக் கோப்பாக) எடுத்துப் பின்னர் சற்று மெஜந்தா பக்கம் நகர்த்துங்கள். ஏப்ரலில் நண்பகல் சூரியன் உச்சிக்கு மேலேயே நிற்கிறது, கண்குழி கருத்துவிடும். அந்த நேரத்தில் முகத்தை எடுக்காதீர்கள். பலாப் பழங்கள் அடிமரத்தில் நிழலில்தான் தொங்கும், அவற்றை எடுங்கள். முந்திரி உடைக்கும் இடத்தில் ஓட்டு எண்ணெய் பட்டால் தோல் புண்ணாகும். ஓட்டைத் தொட்ட கையோடு கேமராவையும் தொடாதீர்கள்.

வில்லியனூரிலிருந்து:

ஐப்பசி, கார்த்திகையில் லென்ஸுக்குள் பூஞ்சை வராமல் இருக்க, காற்றுப் புகாத டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் மணிகளும் ஒரு சின்ன ஈரப்பத மானியும் போட்டு வையுங்கள். 40 முதல் 50 சதவீதம் சரியான அளவு. நீல மணிகள் இளஞ்சிவப்பானால் ஈரம் நிறைந்துவிட்டது. சூடாக்கினால் மறுபடி நீலமாகும். அந்த நீலம் கோபால்ட் உப்பு என்பதால் சமையல் பாத்திரத்தில் மட்டும் வறுக்காதீர்கள். ஏசி அறையிலிருந்து கிளம்பினால், பைக்குள்ளேயே மூடியபடி அரை மணி வெளியில் வைத்துவிட்டுத்தான் கேமராவை எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் கண்ணாடியில் நீர் கோத்து, உதயம் முடியும்வரை துடைத்துக்கொண்டிருப்பீர்கள்.